கடலோர நடையும் நமது வாய்க்காலும்

பாதயாத்திரை நமக்குப் புதிதன்று. பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில் 2012ஆம் ஆண்டு மே மாதம் 870 மைல் நீளமுள்ள கடலோர நடைபாதை திறக்கப்பட்டது. அதில் தரும காரியத்திற்காக நடப்போர் உண்டு. புறப்படுமுன் உற்றாரிடம் நன்கொடைக்கு வாக்குப் பெறுவர். வழியில் கரை ஒதுங்கிய பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, கண்டதை ஊராருக்கு எடுத்துரைப்பர்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். கரையில் ஒதுங்குவன யாவும் கரையில் எறியப்பட்டவை அல்ல. உள்ளூரில் நாம் எறிந்த பை மழைநீரோடு வாய்க்காலில் இறங்கி, ஆற்றின் வழியே கடலை அடைகிறது. அங்கு அது மக்குவதில்லை. வெயிலிலும் அலையிலும் நொறுங்கித் துகளாகி, மீனின் வயிற்றில் புகுகிறது. கடலைச் சேராமல் ஊரிலேயே தங்கினாலும் கேடுதான். மதகை அடைத்தால் கடைமடை வயல் காயும். மாடு தின்றால் அதன் உயிருக்கே ஆபத்து.

வேல்ஸில் 2011 அக்டோபர் முதல் கடைப் பைகளுக்குக் கட்டணம் விதித்தார்கள். அவற்றின் புழக்கம் வெகுவாகக் குறைந்தது. நமது மாநிலத்திலோ, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றிற்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. அத்தடைக்கு உயிர் கொடுக்க வேண்டியவர்கள் ஊர்ச்சந்தைக்குப் பை எடுத்துச் செல்லும் நாமே.

ஆகவே, பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் மழைக்காலத்திற்கு முன் ஒருநாள் கூடி, தலைமடை முதல் கடைமடை வரை நடப்போம். திரட்டிய பிளாஸ்டிக்கைக் கொளுத்தாமல் தூய்மைக் காவலரிடம் ஒப்படைப்போம். 870 மைல் வேண்டாம். நமது வாய்க்காலின் நீளமே போதும்.