தொலைமருத்துவமும் நமது வீட்டுக் கிளினிக் கொப்பியும்

நோய் வந்தால் வைத்தியரைத் தேடிச் செல்வது நாம் அறிந்த வழமை. 2020 ஆம் ஆண்டில் அந்த வழமை தடைப்பட்டது. மார்ச் 11 ஆந் திகதி உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19 ஐ உலகப் பெருந்தொற்றாக அறிவித்தது. மார்ச் 20 ஆந் திகதி மாலை முதல் இலங்கை முழுவதும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது. வைத்தியசாலைக்குச் சென்றால் அங்கேயே நோய் தொற்றிவிடுமோ என்று மக்கள் அஞ்சினர். ஆனால் நீரிழிவும் குருதி அமுக்கமும் ஊரடங்குக்குக் கட்டுப்படுவனவா? அந்நாட்களில் கைகொடுத்த தொலைமருத்துவம், இலத்திரனியல் பரிந்துரை ஆகிய இரண்டையும் பற்றி நாம் அறிந்திருப்பது அவசியமாகும்.

தொலைமருத்துவம்

வைத்தியரும் நோயாளியும் ஒரே இடத்தில் இல்லாமல், தொலைபேசி அல்லது வீடியோ அழைப்பு மூலம் ஆலோசனை பெறுவதே தொலைமருத்துவம். 2020 இல் நம் நாட்டில் கிளினிக் நோயாளர்களின் மருந்துகளைத் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டது. 2021 இல் கொவிட் நோயாளர் பலர் வீட்டிலேயே பராமரிக்கப்பட்டபோது, அவர்கள் வைத்திய ஆலோசனை பெற 1390 என்ற இலக்கம் வழங்கப்பட்டது. விரலில் மாட்டும் சிறு கருவி காட்டும் ஒட்சிசன் அளவைத் தொலைபேசியில் சொன்னாலே, நோயாளி வீட்டில் இருக்கலாமா, உடனே வைத்தியசாலைக்கு வரவேண்டுமா என்பதைத் தீர்மானிக்க வைத்தியருக்கு அது பேருதவியாக இருந்தது.

இலத்திரனியல் பரிந்துரை

ஊர் வைத்தியசாலையிலிருந்து பெரிய வைத்தியசாலைக்கு ஒருவரை அனுப்பும்போது வைத்தியர் ஒரு கடிதம் கொடுப்பார். அதை நோயாளியே சுமந்து செல்வார். கடிதம் தொலைந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சில பரிசோதனைகளையும் மீண்டும் செய்ய நேரிடும். விசேட வைத்திய நிபுணர் என்ன சொன்னார் என்பது ஊர் வைத்தியருக்குத் தெரியாமலே போவதும் உண்டு.

இதே கடிதத்தைக் கணினி வழியே அனுப்புவதுதான் இலத்திரனியல் பரிந்துரை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பொது வைத்தியசாலை 2005 இல் இதனைத் தொடங்கியது. நிபுணர் கடிதத்தைப் படித்து, அவசரமானவரை முதலில் அழைப்பார். குறைவான விபரங்களைக் கேட்டு வாங்குவார். நேரில் வரத் தேவையில்லாதவருக்கு அவருடைய வைத்தியர் ஊடாகவே ஆலோசனை சொல்வார். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2015 இல் இத்தகைய முறையொன்றை அறிமுகப்படுத்தியது. பெருந்தொற்றுக் காலத்தில் யார் உடனே வரவேண்டும், யார் காத்திருக்கலாம் என்று பிரித்தறிவது உயிர்காக்கும் வேலையாக இருந்ததால் இம்முறையின் பயன் மேலும் தெளிவாகியது.

மறுமுனையில் யார்?

இவை அனைத்தும் தகவலை நம்பியே இயங்குகின்றன. அந்தத் தகவல் தொடங்கும் இடம் நம் வீடு. ஊரடங்கின்போது நான் எட்டாம் தரத்தில் இருந்தேன். என் உம்மம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. தொலைபேசியில் வைத்தியர் மருந்தின் பெயரைக் கேட்டபோது, "காலையில குடிக்கிற சின்ன வெள்ளக் குளிசை" என்றார் உம்மம்மா. கிளினிக் கொப்பியைப் பார்த்துப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் நான் வாசித்துச் சொன்னேன்.

"வேற ஏதும் வருத்தம் இருக்கா?" என்று வைத்தியர் கேட்டார். வாப்பாவும் மாமாவும் அருகில் இருந்தனர். "ஒண்டுமில்ல டொக்டர்" என்றார் உம்மம்மா. பின்னர் உம்மா தொலைபேசியை அவரிடம் கொடுத்து எல்லோரையும் வெளியே அனுப்பினார். அப்போதுதான் காலில் ஆறாத புண் ஒன்று இருப்பதை உம்மம்மா சொன்னார். ஊரடங்கில் பிள்ளைகளை அலைக்கழிக்கக் கூடாதென்று மறைத்திருந்தார். புண்ணை நேரில் பார்க்க வேண்டும் என்று வைத்தியர் வைத்தியசாலைக்கு வரச் சொன்னார். நீரிழிவு உள்ளவரின் கால் புண் கவனிக்காமல் விடப்பட்டால் காலையே இழக்க நேரிடலாம்.

இதில் இரண்டு விடயங்கள் உள்ளன. புண்ணைத் தொட்டுப் பார்க்கவோ நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கவோ தொலைபேசியால் இயலாது. அடுத்தது, பல வீடுகளில் தொலைபேசி நோயாளியின் கையில் இருப்பதில்லை. நம் தாய்மாரும் மூத்த பெண்களும் மகன், மருமகன் முன்னிலையில் சொல்லத் தயங்கும் வருத்தங்கள் எத்தனையோ! வைத்தியசாலை அறையில் கிடைக்கும் தனிமையை வீட்டில் நாமே ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. கிளினிக் கொப்பி, பரிசோதனை அறிக்கைகள், நோய்நிர்ணய அட்டை ஆகியவற்றை ஒரே உறையில் வைத்து, படமும் எடுத்து வைப்போம்.
2. குளிசைகளின் பெயர், அளவு, ஒவ்வாத மருந்துகள் என்பவற்றைத் தெளிவாக எழுதி வைப்போம்.
3. இலக்கத்தை அழுத்திக் கொடுத்து, கேட்டதை வாசித்துவிட்டு, நோயாளி தானே பேச இடம் விட்டு விலகுவோம்.
4. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் போன்றவற்றுக்கு ஆலோசனை கேட்டுக் காத்திராமல் 1990 ஐ அழைத்து அம்புலன்ஸ் வரவழைப்போம்.

கணினியும் வலையமைப்பும் அரசாங்கம் அமைக்க வேண்டியவை. அந்த உறையை இன்றே எடுத்து ஒழுங்குபடுத்துவது, சகோதரிகளே, நம் கையில் இருக்கின்றது.