பேய்ப்பசிக்கு நூல் கட்டாதீர்கள்

"நல்லாத்தான் சாப்பிடுறா டொக்டர், உடம்புலதான் ஒட்ட மாட்டேங்குது." எல்கடுவயைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் தாய்மார் இதைச் சொல்லும்போது கவலையோடு கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும். அந்தப் பெருமை எனக்குப் புரியாமலில்லை. 1970களில் மாவும் அரிசியும் பங்கீட்டில் சுருங்கி, லயங்களில் பட்டினிச் சாவையே பார்த்தவர்களின் வாரிசுகள் இவர்கள். பிள்ளை தட்டைக் காலி செய்தால் சுகமாயிருக்கிறது என்பது பாட்டிமார் கணக்கு.

அந்தக் கணக்கை நம்பிக் காத்திருந்துவிட்டு, பிள்ளை வாந்தியெடுத்து மூச்சிரைக்கும்போதுதான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதற்குள் பூச்சி மருந்து கொடுத்தாகிவிட்டது, கோயிலில் மந்திரித்து நூலும் கட்டியாகிவிட்டது.

பூச்சியும் இல்லை, பேயும் இல்லை

நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தால் வயிற்றில் பூச்சி என்பதை யார் கண்டுபிடித்தார்களோ! பூச்சி ரத்தசோகை தரும், வயிற்றுவலி தரும். தீராத தாகமும் இரவில் நாலைந்து தரம் சிறுநீருக்கு எழும்புவதும் பூச்சியின் வேலையல்ல, நீரிழிவின் அடையாளம்.

இன்சுலின் இல்லாத உடம்பில் சாப்பாடு சீனியாக ரத்தத்திலேயே தேங்கிவிடுகிறது, உள்ளே சேருவதில்லை. உடம்பு தன் கொழுப்பைக் கரைத்துத் தின்கிறது. கொழுப்பு குறைந்தால், "இருப்பு போதும்" என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹோர்மோனும் குறைகிறது. மூளைக்குப் பஞ்சம் வந்ததாகவே படுகிறது, பசியைக் கிளப்பிவிடுகிறது. பெரியவர்களிடம் இதே பசியோடு கைநடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் இருந்தால் தைரொயிட் சுரப்பியையும் சந்தேகிக்க வேண்டும்.

பேரில்லாத பக்கெட்

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பிள்ளை மெலிவாக இருக்கிறது, கல்யாணத்துக்குப் பார்க்கிற பெண் ஒல்லியாக இருக்கிறாள், கூடை சுமந்து அம்மாவுக்கு முதுகுவலி. மூன்றுக்கும் டவுனில் இறங்கி, வைத்தியர் துண்டும் இல்லாமல், பெயர் எழுதாத பக்கெட்டில் மாத்திரை வாங்கி வருகிறார்கள். அதற்குள் பிரெட்னிசலோனோ டெக்ஸாமெதசோனோ இருந்தால் பலன் உடனே தெரியும். வலி பறக்கும், பசி பிய்த்துக்கொண்டு வரும், கன்னம் உப்பும். "தேறிட்டா" என்று ஊரே சொல்லும்.

தேறவில்லை, வீங்கியிருக்கிறாள். நம் உடம்பே சுரக்கிற கோர்டிசோல் என்ற ஹோர்மோனின் செயற்கை உறவுகள்தான் இந்த மாத்திரைகள். மாதக்கணக்கில் போட்டால் முகத்திலும் வயிற்றிலும் கொழுப்பு ஏறும், கை காலில் தசை கரையும், சீனியும் பிரஷரும் கூடும், எலும்பு வலுவிழக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளியிலிருந்து வருகிறதே என்று உடம்பு சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும். காசில்லாமல் ஒரு வாரம் மாத்திரை வாங்காமல் விட்டால் வாந்தி, மயக்கம், உயிராபத்து. ஆகவே ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுத் திடீரென நிறுத்த வேண்டாம். மாத்திரையோடு வைத்தியரிடம் வாருங்கள், படிப்படியாகக் குறைக்கலாம்.

பிள்ளைகளுக்கு வாங்கும் பசி மாத்திரை பலவேளை சைப்ரோஹெப்டடின். அது உண்மையில் ஒவ்வாமை மருந்து. பசியோடு தூக்கத்தையும் தரும். வகுப்பில் தூங்கி வழிகிற பிள்ளையை மந்தம் என்று ஆசிரியர் எழுதிவிடுகிறார்.

வாயாசையா, ஹோர்மோனா?

விடியுமுன் எழும்பிச் சமைத்து, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, வேலைப் பெரட்டுக்கு ஓடுகிற பெண்ணுக்கு எத்தனை மணி நேரத் தூக்கம்? 2004ல் வெளியான சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் 28 வீதம் கூடியது. லெப்டின் 18 வீதம் குறைந்தது. அவர்கள் மனம் போனது இனிப்புக்கும் மாப்பண்டத்துக்கும். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடிக்கிற நம் சாயத் தண்ணியை இதோடு சேர்த்துப் பாருங்கள். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் இனிப்பு தேடுவதும் அப்படித்தான். நோயல்ல, திட்டுவதற்கும் காரணமல்ல.

ஆனால் கர்ப்பிணி பச்சரிசி, மண், சாம்பல் தேடினால் "மசக்கை, கேட்டதைக் கொடு" என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அது இன்னும் மோசமாகும்.

மரக்குவளையும் பக்கத்து வீட்டு மாத்திரையும்

கொத்தலஹிம்புட்டு மரக்குவளைத் தண்ணி, கறுவாத் தூள், மாத்தளை வீதியோரத்தில் விற்கிற "உடம்பு குறைக்கும்" சூரணம் இவற்றைக் குடித்தவர்கள் பலர் நல்ல நம்பிக்கையோடுதான் நீரிழிவு மருந்தை நிறுத்தியிருக்கிறார்கள். கறுவா கறிக்கு நல்லது. இன்சுலினுக்குப் பதில் அது நிற்காது.

அடுத்த லயத்து அக்காவின் சீனி மாத்திரையான கிளிக்லசைட்டைக் கடன் வாங்கிப் போடுவது அதைவிட மோசம். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு மலை ஏறினால் சீனி இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, பேய்ப்பசி எடுத்து, கொழுந்துக் கூடையோடு சரிந்து விழ வேண்டியதுதான்.

வந்துவிடுங்கள்

2018-19ல் நாடு முழுவதும் செய்த ஆய்வில் வயது வந்தவர்களில் 23 வீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. பரிசோதனை பெரிய காரியமில்லை: ரத்தத்தில் சீனி, தேவையென்றால் தைரொயிட்; அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள்.

ரொட்டியை விடச் சொல்லவில்லை. இரண்டு ரொட்டியை ஒன்றாக்கி, கட்டைச் சம்பலோடு பருப்போ கௌபியோ ஒரு முட்டையோ சேருங்கள். புரதமும் நார்ச்சத்தும் உள்ளே போனால்தான் குடல் "போதும்" என்கிற ஹோர்மோன்களை நன்றாகச் சுரக்கும். சாயத்துக்குச் சீனியை ஒரேயடியாக நிறுத்த முடியாதா, வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள். இரவு டீவியைக் கொஞ்சம் முந்தி நிறுத்துங்கள், தயவுசெய்து.

மெலிகிற பிள்ளை தண்ணி தண்ணி என்று கேட்டால் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கோ சம்பள நாளுக்கோ காத்திருக்க வேண்டாம். ஒரு நாள் வேலைக்கான பேர் போனால் போகட்டும், அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். வீட்டில் கிடக்கும் மாத்திரைப் பக்கெட்டையும் மறைக்காமல் கொண்டு வாருங்கள், நான் ஏச மாட்டேன்.