உழைப்பைக் காக்க மூன்று படிகள்

ஆசிரியரின் கணினியில் இருப்பவை வெறும் கோப்புகள் அல்ல. பாடக்குறிப்புகள், வினாத்தாள்கள், செயல்தாள்கள், மாணவர்கள் கதை சொன்ன ஒலிப்பதிவுகள், ஆண்டுவிழாப் படங்கள் எனப் பல ஆண்டு உழைப்பு அதில் இருக்கிறது. வினாத்தாளை மறுபடி தட்டச்சு செய்துகொள்ளலாம். மூன்றாம் வகுப்புக் குழந்தை முதன்முதலாகச் சரளமாக வாசித்த பதிவை மறுபடி எடுக்க முடியாது. இவற்றை எங்கே, எப்படிப் பாதுகாப்பது என்று சக ஆசிரியர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் பின்பற்றும் முறையை இங்கே பகிர்கிறேன்.

ஒத்திசைவு வேறு, காப்பு வேறு

"எல்லாம் டிரைவில் இருக்கிறது" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். கணினியில் உள்ள ஒரு கோப்புறையை டிரைவுடன் இணைத்து வைத்தால், இங்கே செய்யும் மாற்றம் அங்கேயும் நிகழும். இதுதான் ஒத்திசைவு. இங்கே ஒரு கோப்பை அழித்தால் அங்கும் அது குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள்களே இருக்கும். பிறகு நிரந்தரமாக நீங்கிவிடும். கோடை விடுமுறைக்கு முன் தவறுதலாக அழித்ததை ஜூன் மாதம் தேடினால் கிடைக்காது. காப்புப்படி என்பது நாம் அழித்தாலும் அழியாமல் தனியே இருப்பது.

இதற்கு 3-2-1 என்று ஓர் எளிய விதி உண்டு. ஒவ்வொரு முக்கியக் கோப்புக்கும் 3 படிகள். அவை 2 வகைச் சாதனங்களில். அவற்றுள் 1 வேறோர் இடத்தில். என் முறை இதுதான்: கணினியில் ஒன்று, வெளியே செருகும் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. படி எடுத்ததும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுவேன். செருகியே இருந்தால் கணினியைத் தாக்கும் வைரஸ் அதையும் தாக்கும்.

இணையச் சேமிப்பைத் தேர்ந்தெடுத்தல்

கூகுள் கணக்குடன் 15 ஜிபி, ஒன்டிரைவில் 5 ஜிபி, டிராப்பாக்ஸில் 2 ஜிபி இலவசமாகக் கிடைக்கின்றன. கூகுளின் 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள். எழுத்துக் கோப்புகளுக்கு இது தாராளம்; காணொலிகளுக்குப் போதாது.

கட்டணச் சேவையாக இருந்தால் மூன்று கேள்விகளைக் கேட்பேன். அழித்த கோப்பு எத்தனை நாள் வரை கிடைக்கும்? பழைய வடிவத்தை மீட்க முடியுமா? கட்டணத்தை நிறுத்தினால் கோப்புகள் என்னவாகும்? முதல் பதிவேற்றத்துக்கு ஆகும் நேரத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நொடிக்கு 10 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் 100 ஜிபி ஏற இடைவிடாமல் சுமார் 22 மணி நேரம் ஆகும்.

தளத்துக்கு இடம் பிடித்தல்

பாடப்பொருள்களைப் பிறருடன் பகிர பிளாக்கர், கூகுள் சைட்ஸ் போன்ற இலவச வசதிகளே பெரும்பாலோருக்குப் போதும். ஆனால் இலவச வீட்டின் சாவி நம்மிடம் இல்லை. பல நாட்டு ஆசிரியர்கள் வகுப்புப் பக்கங்களை நடத்திவந்த விக்கிஸ்பேசஸ் 2018-இல் மூடப்பட்டது. தங்கள் பக்கங்களைத் தரவிறக்கி வைத்திருந்தவர்களுக்கே அவை மிஞ்சின. எனவே 'உள்ளடக்கத்தைத் தரவிறக்கும் வசதி உண்டா' என்பதே முதல் கேள்வி. பிளாக்கரின் அமைப்புகள் பகுதியில் அவ்வசதி இருக்கிறது.

சொந்தப் பெயரில் தளம் வேண்டுமென்றால் இரண்டைக் கவனியுங்கள். முதலாண்டுச் சலுகை விலையைப் பார்க்காமல், புதுப்பிப்புக் கட்டணத்தைப் பாருங்கள். தளப்பெயரை உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலுமே பதிவு செய்யுங்கள். வடிவமைத்துக் கொடுப்பவர் பெயரில் இருந்தால், அவரைத் தொடர்புகொள்ள முடியாத நாளில் தளமும் கைவிட்டுப் போகும்.

'நாங்களே காப்புப்படி எடுக்கிறோம்' என்று நிறுவனம் சொன்னாலும் நம் கையில் ஒன்று இருக்கட்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச்கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பற்றி எரிந்தது. காப்புப்படியையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் இழந்தனர்.

மாணவர் விவரங்கள்

மாணவர்களின் ஆதார் எண், முகவரி, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை நம் சொந்தக் கணக்கிலோ தளத்திலோ வைப்பதைத் தவிர்ப்போம். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கொண்டு, அவர்களின் தரவுகளுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. நம் கணக்குகளுக்கு வலுவான கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் அவசியம்.

மீட்டுப் பாருங்கள்

மீட்டுப் பார்க்காத காப்புப்படியை நம்ப முடியாது. பருவத்துக்கு ஒருமுறை, ஏதேனும் ஒரு கோப்பை ஹார்டு டிஸ்க்கிலிருந்தும் இணையத்திலிருந்தும் எடுத்துத் திறந்து பார்க்கிறேன். பத்து நிமிட வேலைதான். இந்த வாரம் நீங்களும் உங்களுக்கு மிக முக்கியமான ஒரே ஒரு கோப்புறையைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மூன்று படிகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தால், அங்கிருந்தே தொடங்கலாம்.