வீட்டில் இறைச்சிக்கோழி வளர்ப்பு

இறைச்சிக்கோழி அல்லது பிராய்லர் கோழி என்பது இறைச்சிக்காக மட்டுமே தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்யப்பட்ட, விரைவாக வளரும் கோழி வகையாகும். பொரித்த அன்று ஏறத்தாழ 40 கிராம் எடையுள்ள குஞ்சு, ஆறு வாரங்களில் 2 கிலோகிராமைத் தாண்டிவிடுகிறது. பத்து அல்லது இருபது கோழிகளை வீட்டுக் கொல்லையில் முதன்முறையாக வளர்ப்பது பற்றியது இக்கட்டுரை. சென்னை - அரக்கோணம் தொடர்வண்டிப் பாதையில் திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள அண்ணனூரின் தட்பவெப்பம் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

வரலாறு

இத்தொழிலின் தொடக்கமே ஒரு வீட்டுக் கொல்லைதான். 1923 இல் அமெரிக்காவின் டெலாவேர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்னும் பெண்மணி முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டிருந்தார். பொரிப்பகம் தவறுதலாக 500 குஞ்சுகளை அனுப்பிவிட்டது. அவர் அவற்றைத் திருப்பி அனுப்பாமல் சிறு கொட்டகையில் வளர்த்து, 18 வாரங்களில் இறைச்சிக்கு விற்றார். அப்போது ஒரு கோழியின் எடை ஒரு கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. பின்னர் கார்னிஷ், வெள்ளை பிளிமத் ராக் ஆகிய இனங்களின் கலப்பிலிருந்து இன்றைய பிராய்லர் உருவானது.

கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கோழி வழிகளை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்து, 2014 இல் முடிவை வெளியிட்டனர். 56 ஆம் நாளில் அவற்றின் சராசரி எடை முறையே 905, 1808, 4202 கிராம். தீவனம் ஒன்றே என்பதால் வேறுபாட்டுக்கு மரபே காரணம். பிராய்லர் கோழிக்கு வளர்ச்சி ஊசி போடுகிறார்கள் என்று நம்மூரில் பரவலாக நிலவும் நம்பிக்கைக்கு இவ்வாய்வே போதிய மறுமொழி.

தமிழ்நாட்டில் முட்டைக்கோழிக்கு நாமக்கல்லும் இறைச்சிக்கோழிக்குப் பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளும் பெயர்பெற்றவை. அங்கு ஒப்பந்த முறையில் குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றை நிறுவனம் வழங்க, கொட்டகையும் உழைப்பும் உழவருடையவை. வீட்டில் வளர்ப்பவருக்கு இவ்வசதி இல்லை. எல்லாம் அவர் பொறுப்பே.

குஞ்சு தேர்வு

தெருக்களில் கூடையில் வைத்து விற்கப்படும் பச்சை, இளஞ்சிவப்பு நிறக் குஞ்சுகள் பிராய்லர் அல்ல. அவை பெரும்பாலும் முட்டையின வகையின் சேவற்குஞ்சுகள். பொரிப்பகங்களுக்குத் தேவையில்லாதவை என்பதால் சாயமேற்றி விற்கப்படுகின்றன. ஆறு வாரம் தீனி போட்டாலும் அவற்றில் சதை பிடிக்காது.

மாதவரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வெளியிட்ட நந்தனம் கோழி போன்ற வண்ணக் கோழிகள் மெதுவாக வளர்ந்தாலும் கொல்லைப்புறத்தைத் தாங்கக்கூடியவை. முதன்முறை வளர்ப்பவர்க்கு, அவசரம் இல்லையெனில், இவையே ஏற்றவை எனலாம். பிராய்லர் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் பறவை அன்று.

முதல் வாரம்

இளங்குஞ்சுக்குத் தன் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் திறன் இல்லை. தாய்க்கோழியின் சிறகுக்கு மாற்றாக, தரையில் இரண்டு அங்குல உயரத்திற்கு உமி அல்லது கடலைத்தோல் பரப்பி, அட்டையால் வட்டமாகத் தடுப்பு அமைத்து, நடுவில் குண்டு விளக்கைத் தொங்கவிட வேண்டும். குஞ்சு ஒன்றுக்கு 1 முதல் 2 வாட் என்பது கணக்கு. எல்.ஈ.டி. விளக்கு வெளிச்சம் தருமேயன்றி இதற்கு வேண்டிய வெப்பம் தராது. முதல் வாரத்தில் 35 பாகை செல்சியஸ் தேவை. பிறகு வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைக்கலாம்.

வெப்பமானி இல்லாவிடினும் குஞ்சுகளே அளவைக் காட்டிவிடும். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கினால் குளிர். தடுப்போரம் ஒதுங்கி வாய் திறந்து மூச்சுவிட்டால் வெப்பம் மிகுதி. எங்கும் பரவி மேய்ந்தால் சரி. இரவு மின்தடையின்போது நெருக்கியடித்து மூச்சுமுட்டி இறப்பதே முதல் வார இழப்புக்குப் பெருங்காரணம் என்பதால், மாற்று ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும்.

தீவனம்

ஒரு பிராய்லர் ஆறு வாரங்களில் ஏறத்தாழ 3.5 முதல் 4 கிலோகிராம் தீவனம் உண்ணும். இருபது கோழிகளுக்கு 80 கிலோகிராம் வரை வேண்டும். தொடக்கத் தீவனத்தில் 22 விழுக்காட்டளவு புரதம் தேவை. அரிசிக் குருணையும் சமையலறை மிச்சமும் மட்டும் கொடுத்தால் கால் வலுவிழந்து கோழி உட்கார்ந்துவிடும். சில்லறையாகத் தீவனம் வாங்கி வளர்த்த கோழி, கடைக் கோழியைவிட மலிவாக அமைவது அரிது. அது உண்டது என்ன என்பது தெரியும், அவ்வளவே ஆதாயம்.

நோய்த்தடுப்பு

வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய் ஒரே வாரத்தில் கொல்லை முழுவதையும் காலி செய்யவல்லது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்தும், இரண்டாம் வாரத்தில் கம்போரோ நோய்க்கான மருந்தும், மீண்டும் நான்காம் வாரத்தை ஒட்டி இராணிக்கெட் மருந்தும் கொடுப்பது வழக்கம். உறுதியான அட்டவணையைக் கால்நடை மருத்துவரிடம் பெறவும். மருந்துப் புட்டி குறைந்தது நூறு கோழிகளுக்கான அளவில்தான் கிடைக்கும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். அக்கம்பக்கத்தில் கோழி வைத்திருப்போர் ஒரே நாளில் சேர்ந்து போட்டுக்கொள்வது நல்லது. குளோரின் கலந்த குழாய்நீரில் கரைத்தால் மருந்து பயனற்றுப் போகும்.

வெயிலும் மழையும்

அண்ணனூரில் குஞ்சு வாங்கும் மாதத்தைத் தேர்வதே ஏனைய எல்லாவற்றையும்விட முக்கியமானது. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. மூச்சிரைத்தே உடலைக் குளிர்விக்கும். எடை கூடக்கூட இது கடினமாகிறது. ஆகவே வெயிலில் முதலில் சாவது, அறுப்புக்கு ஒரு வாரமே உள்ள கொழுத்த கோழிதான். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 பாகை செல்சியஸ் பதிவானது; கடற்காற்று தாமதமாக எட்டும் மேற்குப் புறநகர்களில் கத்திரி வெயில் இன்னும் கடுமையாக உணரப்படும். கல்நார்த் தகட்டுக் கூரையைவிடக் கீற்றுக் கூரை ஏற்றது. நண்பகலில் தீவனத்தை எடுத்துவிட்டு, விடியலிலும் மாலையிலும் கொடுக்க வேண்டும். பக்கவாட்டில் நனைத்த கோணிகளைத் தொங்கவிடலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தாழ்ந்த மனைகளில் நீர் தேங்கி உமி ஈரமானால் இரத்தக்கழிச்சல் வரும்; நெடியும் அண்டை வீட்டை எட்டும். குஞ்சின் உயரத்திற்குக் குனிந்து முகரும்போது கண் எரிந்தால் உமியை மாற்றும் காலம் கடந்துவிட்டது என்று பொருள். எனவே பொங்கலை ஒட்டிக் குஞ்சு விட்டு, மார்ச் முதல் வாரத்திற்குள் முடிப்பதே இப்பகுதிக்குப் பொருத்தமானது.

அறுப்பு

முதன்முறை வளர்ப்போர் பலர் பாசத்தால் நாளைத் தள்ளிப்போடுவதுண்டு. பிராய்லருக்கு இது நன்மையன்று. பத்து வாரம் கடந்தவற்றில் பல, தம் எடையைத் தாங்க மாட்டாமல் நொண்டும். சில இதயம் நின்று திடீரென இறக்கும். அறுக்கும் நாளையும், அறுப்பவர் யார் என்பதையும் குஞ்சு வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். அறுப்பதற்கு 8 முதல் 10 மணி நேரம் முன்பு தீவனத்தை நிறுத்த வேண்டும். தண்ணீரை நிறுத்தக் கூடாது. இறகும் குடலும் நீக்கிய பின் உயிரெடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு மிஞ்சும். தோலுரித்தால் இன்னும் குறையும்.