கல்தேயரின் பாஷையும் ராஜாவின் போஜனமும்



1988ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் ஞாயிறுதோறும் காலையில் தூர்தர்ஷனில் மகாபாரதம் ஒளிபரப்பாயிற்று. அன்றைய பம்பாயில் நாங்கள் குடியிருந்த ஒற்றையறை வீட்டு வரிசையே அந்நேரம் பெட்டி உள்ள வீட்டில் கூடிவிடும். நாங்களோ வேதாகமத்தைக் கையில் ஏந்தி, வாடகைப் பள்ளிக்கூட அறையில் கூடிய சபைக்கு நடப்போம். தொலைக்காட்சி பிசாசின் பெட்டி என்று போதகர் பிரசங்கித்தார்; என் தகப்பனார் ஆமென் என்றார். வாரநாட்களில் அடுத்த வீட்டு ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் நாங்கள் பார்த்தது அவருக்குத் தெரியாது.

பின்னர் கிறிஸ்தவ நிகழ்ச்சிகள் வந்தன; பெட்டியும் வீட்டிற்குள் வந்தது. அடுத்து கைப்பேசியைக் கண்டித்தோம். 2020 மார்ச் மாத ஊரடங்கில் ஆலயக் கதவுகள் அடைபட்டபோது, அதே கைப்பேசியின் சிறு திரையில்தான் செய்தி கேட்டோம். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று சபையாக உட்கார்ந்து நாம் ஆராய்ந்ததே இல்லை.

கல்லூரியில் படிக்கும் என் மகன் சென்ற ஆண்டு வாலிபர் கூட்டத்திற்கு வருவதை நிறுத்திவிட்டான். காரணம் கேட்டேன். "அப்பா, அங்கே எதைக் கேட்டாலும் கூடாது என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஜெபம் பண்ணு என்கிறார்கள். அக்கா கல்யாணத்தில் நடந்தது மட்டும் கூடுமா?" என்றான்.

நடந்தது இதுதான். மாப்பிள்ளை வீட்டாரும் விசுவாசிகளே. நகை உலகப்பிரகாரமானது, வேண்டாம் என்றார்கள். அந்த நகையின் மதிப்பை மாப்பிள்ளையின் பெயரில் வங்கியில் செலுத்தச் சொன்னார்கள். செலுத்தினேன். அதற்கு முன்பே, "நம் ஆட்கள்தானே?" என்று விசாரித்து உறுதிசெய்துகொண்டவனும் நானே.

அன்று இரவு தானியேல் முதலாம் அதிகாரத்தைத் திறந்தேன். பலமுறை வாசித்த பகுதிதான். அந்நிய தேசத்துப் பட்டணத்திற்குக் கொண்டுபோகப்பட்ட நான்கு யூத வாலிபர். அவர்களுடைய பெயர்கள் மாற்றப்பட்டன. அதை அவர்கள் எதிர்த்ததாக வேதம் சொல்லவில்லை. கல்தேயரின் எழுத்தும் பாஷையும் கற்பிக்கப்பட்டன. அது விக்கிரகாராதனைக்காரரின் கல்வி, ஆயினும் கற்றார்கள். அதில் அவர்களுக்குச் சாமர்த்தியம் கொடுத்தவர் தேவனே என்று 17ஆம் வசனம் கூறுகிறது. அவர்கள் மறுத்தது ராஜாவின் பந்தியை. மறுத்த விதமும் கவனிக்கத்தக்கது. தானியேல் கூச்சலிடவில்லை, பத்து நாள் சோதித்துப் பாரும் என்று விசாரிப்புக்காரனிடம் பணிவோடு வேண்டிக்கொண்டான்.

பட்டணத்தின் பாஷையைக் கற்று, பந்தியில் கோடு வரைந்தவன் அவன். நாமோ பாஷையின்முன் கோடு வரைந்துவிட்டுப் பந்தியில் நிறைவாக அமர்ந்திருக்கிறோம். சாதியும் வரதட்சணையும் மும்பையின் திரையரங்கில் நாம் கற்றவையல்ல. ஊரிலிருந்து ரயிலேறியபோது பெட்டியோடு கொண்டுவந்தவை. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றமென்று 1961ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிற்று, நாம் உலகம் என்று ஒதுக்கும் பாராளுமன்றம். உலகம் சபையைக் கடிந்துகொள்ளும் நேரங்களும் உண்டு.

நாம் பிழைக்க வந்த இந்த மராட்டிய மண்ணில் வாழ்ந்த பண்டித ராமாபாயை நம் மேடைகள் அறியும். 1905ஆம் ஆண்டு கேட்காவில் உள்ள முக்தி ஆசிரமத்தில் உண்டான எழுப்புதலைக் குறித்துப் பேசாத பெந்தெகொஸ்தே பிரசங்கியார் குறைவு. ஆனால் மற்றதை நாம் சொல்வதில்லை. கிறிஸ்துவை ஏற்றுக்கொள்ளுமுன்பே, 1880இல், பிராமணக் குலத்தவரான அவர் வேறு சாதியைச் சேர்ந்த வங்காளி ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். 1882இல் கல்விக் குழுவின் முன் நின்று, பெண் ஆசிரியைகளும் பெண் மருத்துவர்களும் தேவை என்று வாதாடினார். 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றபின்னும் மரக்கறி உணவையும் புடவையையும் விடவில்லை. 1889இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதன் தொடங்கினார். அதே ஆண்டு அங்கே கூடிய காங்கிரஸ் மாநாட்டிலும் பங்கெடுத்தார். வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்த்தார். அந்நிய பாஷைகளில் ஜெபித்த அதே ஆசிரமத்துப் பெண்கள் அச்சகத்திலும் வேலை செய்தார்கள். பாபிலோனிலிருந்த சிறையிருப்பின் ஜனங்களுக்கு எரேமியா எழுதிய, அவருடைய புத்தகத்தின் 29ஆம் அதிகாரத்திலுள்ள நிருபத்தை, பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும்படி சொல்லும் பகுதியை, அவரைப்போல் கைக்கொண்டவர் சிலரே.

இவையெல்லாவற்றையும் எங்கள் போதகரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். இப்போது மாதத்திற்கு ஒருமுறை வாலிபர் கூட்டத்தில், பிள்ளைகள் பார்க்கும் ஒரு திரைப்படத்தையோ தொடரையோ குறித்து அவர்களே பேச இடம் தரப்படுகிறது. முதற்கூட்டத்தில் மூப்பர்கள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். அது எளிதாயிருக்கவில்லை. மராத்தி நாடகம் ஒன்றைக் குறித்து ஒரு சகோதரி பேசியபோது, இங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் எங்களில் பலருக்கு அந்த மொழி விளங்கவில்லை.

அடுத்த கூட்டத்தின் பொருள் திருமணம். முதலாவது எழுந்து சாட்சி சொல்லப்போகிறவன் நான். மகளிடமும் மருமகனிடமும் முன்னதாகவே பேசிவிட்டேன். மருமகன் இன்னும் பதில் சொல்லவில்லை. மகனையும் அழைத்திருக்கிறேன். வருகிறேன் என்றும் அவன் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.