சுவரைத் துளைக்குமுன்...

ராஜபாளையத்தை அடுத்த ஆலங்குளத்தில் 1970-ல் தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலையை அறிவீர்கள். சிமெண்ட் இறுகிய கான்கிரீட்டில் திரைக் கம்பி மாட்ட ஆணி போதுமா? ஹாமர் டிரில்தான் வேண்டும். சுழலும்போதே அது இடிக்கவும் செய்யும். ஆகவே பலங்கொண்ட மட்டும் அழுத்தாதீர்கள், பிட்தான் சூடேறும்.

சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் துளைக்கவே கூடாது! சுவருக்குள் ஒயர் அவ்வழியேதான் பெரும்பாலும் ஓடும். அந்த அறையின் கரண்டை நிறுத்திவிட்டு, வேறு அறையிலிருந்து டிரில்லுக்கு இணைப்புக் கொடுங்கள். பிட் கம்பியில் சிக்கினால் கருவி கையையே முறுக்கிவிடும். பக்கப் பிடியையும் சேர்த்து இரு கையாலும் பிடியுங்கள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி அவசியம். கான்கிரீட் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா உண்டு.

பிளக்கைப் பிடுங்கிய பிறகே பிட்டை மாற்றுங்கள். அதன் பின்முனையைத் துடைத்து, துளி கிரீஸ் தடவினால் போதும்.