நாளைய பருவுக்கு இன்றைய மருந்து

இன்று காலை கண்ணாடியில் தெரிந்த பரு இன்று முளைத்ததல்ல. பல வாரங்களுக்கு முன்பே தோலுக்குள் அதன் வேலை தொடங்கிவிட்டது. மயிர்க்காலின் வாயில் உதிரவேண்டிய செத்த செல்கள் உதிராமல் ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெய்ச் சுரப்பியில் ஊறும் சீபம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. காற்று எட்டாத அந்தத் தேக்கத்தில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. உடல் அதோடு மோதும்போதுதான் சிவப்பும் வலியும் சீழும் வருகின்றன.

அதனால் தெரிகிற பருவின் தலையில் மட்டும் களிம்பை வைப்பதில் பெரிய பலனில்லை. பரு வழக்கமாக வரும் இடம் முழுக்க மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். இன்னும் வெளியே வராத பருவுக்கும் சேர்த்துத்தான் மருந்து. முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என ஐந்து பொட்டாக வைத்துப் பரப்பிவிடலாம்.

மருந்துக்கடையில் கிடைப்பவற்றில் நான் முதலில் சொல்வது பென்சாயில் பெராக்சைடு. தோலில் இது சிதையும்போது ஆக்சிஜன் சார்ந்த வினைப்பொருள்கள் உண்டாகி, ஆக்சிஜன் ஆகாத அந்தப் பாக்டீரியாவைக் கொல்கின்றன. ஆன்டிபயாட்டிக்குகளுக்குப் பழகிப்போவதுபோல் இதற்குப் பாக்டீரியா பழகிவிடுவதில்லை. 2.5, 5, 10 சதவீதங்களில் வருகிறது. பெரிய எண்ணைப் பார்த்து வாங்கவே கை போகும். ஆனால் இம்மூன்றையும் ஒப்பிட்டு 1986-ல் வெளியான ஆய்வில், சிவந்த பருக்களையும் சீழ்ப்பருக்களையும் குறைப்பதில் 2.5 சதவீதம் மற்றவற்றுக்குச் சளைக்கவில்லை. எரிச்சலோ 10 சதவீதத்தைவிடக் குறைவு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்கி, தோல் பழகியதும் தினமும் போடலாம். இது துணியின் சாயத்தை வெளுக்கும். கருநீலத் தலையணை உறையில் கன்னம் படுகிற இடம் ஆரஞ்சுத் திட்டாகிவிடும். வெள்ளை உறையும் வெள்ளைத் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்புள்ளிகள்தான் தொல்லை என்றால் சாலிசிலிக் அமிலம் பொருந்தும். எண்ணெயில் கரைவதால் துளைக்குள் இறங்கி அடைப்பைத் தளர்த்தும். ஃபேஸ்வாஷ்களில் பெரும்பாலும் 2 சதவீதம் வரை இருக்கும். அடாபலீன் அடைப்பு உருவாவதையே தடுக்கும் ரெட்டினாய்டு. அமெரிக்காவில் 2016 முதல் இதன் 0.1 சதவீத ஜெல் சீட்டில்லாமல் கிடைக்கிறது. நம் ஊரில் மருத்துவரைக் கேட்டே தொடங்குவது நல்லது. கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும்.

எதைப் போட்டாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். பத்தே நாளில் 'கேட்கவில்லை' என்று களிம்பை மாற்றுகிறவர்களே அதிகம். அதோடு கிள்ளவும் செய்கிறார்கள். நம் மாநிறத் தோலில் பரு போனாலும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெயில் அதை இன்னும் கருக்கவைக்கும். பகலில் சன்ஸ்கிரீன் பூசுவதும் இந்தச் சிகிச்சையில் ஒரு பாதி. தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் நெற்றியில் வழிந்தாலும் அந்த ஓரத்தில் பொடிப்பொடியாகப் பரு கிளம்பும்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. பருவுக்கென்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. முதல் வாரம் சிவப்பு அடங்கி முகம் பளிச்சென்றிருக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், ரத்தக்குழாய்கள் தெரியும், முடி வளரும், நிறுத்தினால் பரு கொத்தாகத் திரும்பும். 2018-ல் இந்திய அரசு இத்தகைய பல க்ரீம்களை மருத்துவர் சீட்டுக்கு உட்படுத்தியது. ட்யூபின் பின்பக்கம் பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர் எது இருந்தாலும் அதைப் பருவுக்கு வாங்காதீர்கள்.

ஆழத்தில் கட்டியாக வலிப்பவை, குழி விழுபவை, மாதவிடாய் தவறுவதோடு சேர்ந்து வருபவை கடைக் களிம்புக்கு அடங்கா. அவற்றுக்குத் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். குழி விழத் தொடங்கியிருந்தால் பன்னிரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.